இனிப் போனாக் காணும்

எங்கள் பெரியம்மா கொழும்பு வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடல் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில், தொடர்மாடியின் நாலாம் மாடியில் இருந்தார். காலையில் வீரகேசரி வந்ததும் அவர் முதலில் திருப்புவது மரண அறிவித்தல் பக்கத்தைத்தான். பூதக்கண்ணாடியை வைத்து ஊர்ப்பெயர்களைத் தேடுவார். தெரிந்த ஊர் அகப்பட்டால் மூன்று பேருக்காவது ரெலிபோன் போகும். 'உவர் ஆற்றை மகன்? மூத்தவன் கனடாவோ? எட்டுச் செலவு எங்கையாம்?' விசாரணை முடிவதற்குள் பிளேன்டீ ஆறிவிடும்.

2023 தைப்பொங்கல் கழிந்து சில வாரங்களில் போனபோது பேப்பர் மடிப்புக் குலையாமல் கதிரையில் கிடந்தது. அதற்குக் கீழே முதல்நாள் பேப்பர், அதற்கும் கீழே அதற்கு முதல்நாள் பேப்பர்.

'என்ன பெரியம்மா, பேப்பர் பாக்கேல்லையோ?'

'பாத்தென்ன தம்பி. எல்லாரும் போட்டினம். நானும் இனிப் போனாக் காணும்.'

யாரும் திடுக்கிடவில்லை. அவருக்கு எண்பத்தொரு வயது. 'அம்மா மனத்தைத் தயார்ப்படுத்தீற்றா' என்றார் ரொறன்ரோவிலிருந்து மூத்த மகள். நானும் அப்படித்தான் நினைத்தேன். சைவ வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு 'பற்று விடுதல்' என்றொரு சொல் எப்போதும் கைவசம் இருக்கும். முதியவர் ஒருவர் சாப்பாட்டைக் குறைத்து, பேச்சைக் குறைத்து, சுவரைப் பார்த்துக்கொண்டு இருக்கத் தொடங்கினால் அந்தச் சொல் தானாக வந்து பொருந்திக்கொள்ளும். வீட்டாரும் நிம்மதியாக இருக்கலாம்.

ஐந்து மாதம் நாங்கள் அப்படி நிம்மதியாக இருந்தோம். பெரியம்மாவுக்கு இருந்தது மனச்சோர்வு நோய். மருந்துக்கும் பேச்சுக்கும் கட்டுப்படக்கூடிய நோய்.

இந்தக் கட்டுரை அந்த ஐந்து மாதத்தைப் பற்றியது. சாவை ஏற்றுக்கொள்வதும் மனச்சோர்வும் வெளிப்பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். இரண்டும் அமைதியாக இருக்கும், இரண்டும் 'போகவேணும்' என்றுதான் சொல்லும். பிரித்தறியத் தெரியாத வீட்டில் சாகும் காலத்தின் கடைசிப் பகுதியை நோய் தின்றுவிடும். வீட்டார் பக்கத்தில் இருந்து அதைப் பக்குவம் என்று பாராட்டிக்கொண்டிருப்பார்கள்.

இது ஒரு வீட்டுக் கதையாக நின்றுவிடாது. இலங்கையின் 2012 சனத்தொகைக் கணக்கெடுப்பில் 65 வயதும் அதற்கு மேலும் ஆனவர்கள் 7.9 வீதம். 2024 கணக்கெடுப்பில் அது 12.6 வீதம். பன்னிரண்டு ஆண்டில் இவ்வளவு. அறுபது வயதைத் தாண்டிய இலங்கையரிடம் 2006இல் நடத்தப்பட்டு 2010இல் வெளிவந்த ஓர் ஆய்வு, நூற்றுக்கு 27.8 பேரிடம் கவனிக்கவேண்டிய அளவு மனச்சோர்வு அறிகுறிகளைக் கண்டது. பெண்களில் 30.8, ஆண்களில் 24. அறிகுறி உள்ள எல்லோருக்கும் நோய் என்று பொருளில்லை. ஆனால் நாலு முதியவர் உட்கார்ந்திருக்கும் வாங்கில் ஒருவரை யாராவது கேட்டுப்பார்க்கவேண்டும் என்பதற்கு இந்தக் கணக்குப் போதும்.

வெள்ளவத்தைக்கு இதற்கு மேலும் சில காரணங்கள் உண்டு. 1983 இனக்கலவரத்துக்குப் பிறகும் போர்க்காலத்திலும் வடக்கிலிருந்து வந்து தங்கியவர்களின் பிள்ளைகள் பெரும்பாலும் கடல் கடந்துவிட்டார்கள். பெற்றோர் தொடர்மாடிகளில் மிஞ்சினார்கள். 2022இல் நாடு வங்குரோத்தானபோது அந்த ஓராண்டில் மட்டும் 9 இலட்சத்துக்கும் அதிகமான கடவுச்சீட்டுகள் வழங்கப்பட்டன. பெரியம்மாவுக்குக் கீழ்மாடியில் இருந்து பின்னேரங்களில் வந்து கதைத்துக்கொண்டிருந்த பிள்ளையும் அந்தக் கணக்கில் ஒன்று. அதே ஆண்டு மார்ச் முடிவில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு. ஜெனரேற்றருக்கு டீசல் இல்லை, லிஃப்ட் இல்லை. நாலாம் மாடியில் இருப்பவர் இறங்கினால் ஏறமுடியாது. பெரியம்மா கோயிலுக்கும் சந்தைக்கும் போவதை நிறுத்தியது அப்போதுதான். மின்சாரம் திரும்பி வந்தது, அந்தப் பழக்கம் திரும்பவில்லை. அதை நாங்கள் ஒருவரும் கவனிக்கவில்லை.

பிறகு வீடியோ அழைப்பு. ரொறன்ரோவில் இரவு ஒன்பது மணி, இங்கே காலை. பெரியம்மா தலை இழுத்து, திருநீறு பூசி, யன்னல் வெளிச்சத்தில் இருப்பார். 'நல்லா இருக்கிறன் பிள்ளை, நீங்கள் சாப்பிட்டியளோ?' பத்து நிமிடம். அவ்வளவு நேரம் யாராலும் நன்றாக இருக்கமுடியும். சட்டையின் தோள் இரண்டு பக்கமும் ஊசி குத்தி இறுக்கியிருந்ததை கமரா காட்டவில்லை. ஐந்து மாதத்தில் ஏழு கிலோ போயிருந்தது. குசினியில் இடியப்பப் பொதிகள் அவிழ்க்காமல் கிடந்தன. வெளிநாட்டுப் பிள்ளைகளுக்குச் சொல்லக்கூடியது ஒன்றுண்டு: கதைப்பதோடு நிறுத்தாமல், பக்கத்தில் உள்ள யாரையாவது மாதம் ஒருமுறை நிறை பார்க்கச் சொல்லுங்கள்.

வைத்தியரிடம் போகாமலும் இல்லை. மூன்று டொக்டர்மாரை சனல் பண்ணினோம். முதலாமவரிடம் 'நெஞ்சுக்குள்ள அடைக்குது' என்றார். ஈசிஜி எடுத்தார்கள், சரியாக இருந்தது. இரண்டாமவரிடம் 'சாப்பாடு இறங்குதில்லை' என்றார். காஸ்ட்ரைட்டிஸ் குளிசை வந்தது. மூன்றாமவரிடம் 'நித்திரை இல்லை' என்றார். நித்திரைக் குளிசை வந்தது. அந்த மூன்றாவதுதான் ஆபத்து. முதியவர்களை நித்திரைக் குளிசை விழுத்தும். இடுப்பெலும்பு உடைந்தால் அதோடு கதை மாறிவிடும். மனச்சோர்வை அது மாற்றாது, அதற்கு ஒரு திரை போடும். ஒருமுறை சீட்டு இல்லாமலே அதை ஒரு பாமசியில் வாங்கிவந்தவன் நான்தான் என்பதையும் சொல்லிவிடவேண்டும்.

டொக்டர்மாரைக் குறை சொல்லி முடித்துவிடலாம், ஆனால் பெரியம்மா ஒருவரிடமும் 'கவலையாக இருக்கு' என்று சொல்லவில்லை. எங்கள் மொழியில் இந்த நோய் உடம்பின் வழியாகத்தான் பேசும். இலங்கைத் தமிழில் 'வருத்தம்' என்றால் உடம்பு நோய். தமிழ்நாட்டில் அதே சொல்லுக்குத் துக்கம் என்று பொருள். 'யோசிக்கிறா' என்று நாங்கள் சொல்வது சிந்தனையைக் குறிப்பதில்லை. விடாமல் உள்ளே சுற்றும் கவலையைக் குறிக்கிறது. யாழ்ப்பாணத்தில் பல்லாண்டு பணிபுரிந்த உளமருத்துவர் தயா சோமசுந்தரம், இழப்புக்குப் பின் எங்கள் சனம் விடும் பெருமூச்சைக்கூட ஒரு அறிகுறியாக எடுத்து எழுதினார். நெஞ்சடைப்பு, பெருமூச்சு, உடம்பு எரிவு, தலைக்குள் ஏதோ ஊருவது, 'ஏலாது' என்ற ஒற்றைச் சொல்: பரிசோதனைகளில் ஒன்றும் பிடிபடாமல் இவை நீண்டால் மனத்தைப் பார்க்கவேண்டும்.

அதற்கு முன் உடம்பையும் சரியாகப் பார்க்கவேண்டும். தைரொயிட் சுரப்புக் குறைவு, பி12 குறைவு, இரத்தச்சோகை, இரத்தத்தில் சோடியம் இறங்குவது ஆகியவை முதியவர்களில் மனச்சோர்வு போலவே தோன்றும். பக்கவாதம் வந்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்குப் பின்னால் மனச்சோர்வு வருகிறது. பாக்கின்சன் நோயில் கை நடுங்குவதற்கு முன்பே மனம் சோர்ந்துவிடுவதும் உண்டு. இன்னொரு பக்கம், மறதி என்று கொண்டுவரப்படும் சிலருக்கு இருப்பது மனச்சோர்வே. அது தீர, ஞாபகமும் பெருமளவு திரும்பும். 'அறளை பெயர்ந்திட்டுது' என்று வீட்டிலேயே தீர்ப்பு எழுதப்பட்டவர்களில் இப்படி எத்தனை பேரோ.

டொக்டரின் அறையில் மொழியும் குறுக்கே நிற்கும். அவர் சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ கேட்பார். கூடப்போன பேரன் மொழிபெயர்ப்பான். 'அம்மம்மா, கவலையோ எண்டு கேக்கிறார்.' பேரனுக்கு முன்னால் எந்த அம்மம்மா ஓம் என்பார்? 'இல்லை அப்பு.' டொக்டர் எழுதிக்கொள்வார். கேள்விக்குப் பொய் சொல்லப்படவில்லை. கேள்வி போய்ச் சேரவேயில்லை.

கொழும்பின் மறுபக்கத்தில், கொட்டாஞ்சேனையில், இந்த நோய் வேறு உருவத்தில் வரும். அங்கே தனிமைக்கு இடமில்லை. ஜம்பட்டா வீதிக்குப் பின்னால் ஒரு சின்ன வீட்டில் ஒன்பது பேர். துறைமுகத்தில் வேலைசெய்து ஓய்வுபெற்ற ஒருவரை எனக்குத் தெரியும். மனைவி போய் இரண்டு வருடம். செவ்வாய்க்கிழமை தவறாமல் கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலுக்குப் போனவர், நிறுத்திவிட்டார். சாய்மனைக் கதிரையைச் சுவர்ப்பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டார். பிள்ளைகள் சத்தம் போட்டால் எரிந்துவிழுவார், பின்னேரம் சாராயம். 'கிழவருக்குக் கோபம் கூடிப்போச்சு' என்றார்கள். ஆண்களில் மனச்சோர்வு அழுகையாக வருவதைவிடக் கோபமாகவும் குடியாகவும் வருவது அதிகம். எட்டு மாதம் அவருக்கும் காஸ்ட்ரைட்டிஸ் குளிசைதான். இருதய வருத்தத்தில் போனார் என்று வீட்டில் சொல்கிறார்கள். அப்படியும் இருக்கலாம், இருதய நோயாளியின் நிலையை மனச்சோர்வு மோசமாக்குகிறது என்பது நன்கு நிறுவப்பட்ட செய்தி.

முதிய ஆண்களைப் பற்றி இன்னொரு கணக்கும் தெரிந்திருக்கவேண்டும். 1990களின் நடுவில் இலங்கையின் தற்கொலை வீதம் ஒரு இலட்சம் பேருக்கு ஏறத்தாழ 47. உலகிலேயே மிக உயர்ந்தவற்றுள் ஒன்று. கொடிய பூச்சிமருந்துகள் 1995இலும் 1998இலும் பின்னர் 2008க்குப் பிறகும் படிப்படியாகத் தடைசெய்யப்பட்டன. இருபது ஆண்டில் வீதம் 15 அளவுக்கு இறங்கியது. காப்பாற்றப்பட்ட உயிர்கள் 93,000 என்பது ஆய்வாளர்களின் கணிப்பு. சனத்தின் துன்பம் அந்த அளவு குறைந்துவிட்டது என்று யாரும் சொல்லமாட்டார்கள். கைக்கெட்டும் தூரத்திலிருந்து ஒரு பொருளை அகற்றியதே அவ்வளவு உயிரைக் காத்தது. அந்த நொடி கடந்தால் பலர் பிழைத்துக்கொள்கிறார்கள். ஆனால் இந்த இறக்கத்தில் பெரும்பங்கு இளையவர்களுடையது. இன்று வயதுவாரியாகப் பார்த்தால் வீதம் உச்சத்தில் நிற்பது முதிய ஆண்களிடம்.

வீட்டுக்கு இதிலிருந்து எடுக்கவேண்டியது நேரடியானது. மிஞ்சிய, காலாவதியான மருந்துகள் அலுமாரியில் சேரவேண்டாம். நடப்பு மருந்தை வேறொருவர் வைத்திருந்து வேளைக்குக் கொடுக்கட்டும். சீனி வருத்தத்துக்கும் பிரஷருக்கும் எடுத்துவந்த குளிசையை ஒருவர் திடீரென்று 'இனி என்னத்துக்கு' என்று ஒதுக்கினால் அதைப் பிடிவாதம் என்று எடுக்கக்கூடாது. காரணமில்லாமல் நகையைப் பங்கிடுவதும், நீண்ட கலக்கத்துக்குப் பிறகு திடீரென்று தெளிந்து எல்லோரிடமும் விடைபெறுவதுபோல் கதைப்பதும் அப்படித்தான். 'சாகவேணும் எண்டு நினைக்கிறியளோ? ஏதும் செய்ய யோசிச்சனீங்களோ?' என்று நேராகக் கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. இதை ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. பெரும்பாலும் கேட்டவுடன் வருவது ஆறுதல்தான். பொலிஸுக்குப் பயந்து மறைக்கிற வீடுகள் இன்னும் உண்டு. தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய சட்டப்பிரிவு இலங்கையில் 1998இலேயே நீக்கப்பட்டுவிட்டது.

இனி, உண்மையிலேயே சாவு நெருங்கியவர்கள். இங்கேதான் பிழை ஆழமானது.

'புற்றுநோய் எண்டா மனம் சோரத்தானே செய்யும்' என்கிறோம். இதற்குப் படித்தவர்களிடம் ஒரு ஆதாரமும் உண்டு. சுவிற்சர்லாந்தில் பிறந்து சிகாகோவில் பணிபுரிந்த எலிசபெத் கூப்ளர்-ரோஸ், சாகும் நோயாளிகளுடன் கதைத்து 1969இல் எழுதிய நூலில் ஐந்து கட்டங்களைச் சொன்னார்: மறுப்பு, கோபம், பேரம், சோர்வு, ஏற்பு. நாலாவது கட்டம் சோர்வு என்று இருப்பதால், அது வந்து தானாகக் கடந்து ஐந்தாவதில் முடியும் என்று பலர் நினைத்துக்கொண்டார்கள். பஸ் தரிப்பிடங்களைப் போல எல்லோரும் வரிசையாகக் கடக்கும் கட்டங்கள் அவை இல்லை என்பது இப்போது பரவலாக ஒப்புக்கொள்ளப்பட்டது. அவரே சோர்வை இரண்டாகப் பிரித்தார்: இழந்தவற்றுக்காக வருவது ஒன்று, விடைபெறுவதற்கான ஆயத்தமாக வருவது மற்றொன்று. நூலைப் படிக்காமல் பட்டியலை மட்டும் படித்தவர்கள் அந்தப் பிரிவைத் தவறவிட்டார்கள்.

சாகும் நோயாளிகள் எல்லோரும் மனச்சோர்வில் இருப்பதில்லை. பல ஆய்வுகளைச் சேர்த்து 2011இல் வெளியான கணக்கு, நோய்தணிப்புச் சிகிச்சை பெறுவோரில் ஆறில் ஒருவருக்கே மருத்துவ வரையறைக்குள் வரும் மனச்சோர்வு இருப்பதாகக் கண்டது. மீதி ஐந்து பேர் சாவின் பக்கத்திலும் அந்த நோய் இல்லாமல் இருக்கிறார்கள். ஆகவே ஆறாமவருக்கு இருப்பது இயல்பான ஒன்று என்று தள்ளமுடியாது.

கனடாவின் வினிபெக் நகரில் உளமருத்துவர் ஹாவி சொச்சினோவ் சாகும் நிலையிலிருந்த 200 பேரைச் செவ்வி கண்டு 1995இல் எழுதினார். 'சீக்கிரம் போனால் நல்லது' என்று எப்போதாவது நினைத்தவர்கள் 44.5 வீதம். இது மனித இயல்பு. அந்த ஆசை ஆழமாகவும் விடாமலும் இருந்தவர்கள் 8.5 வீதம் மட்டுமே. அந்தச் சிறு கூட்டத்தில் 58.8 வீதமானவர்களுக்கு மனச்சோர்வு நோய் இருந்தது. அந்த ஆசை இல்லாதவர்களில் 7.7 வீதம். வலியும் உறவினரின் ஆதரவின்மையும் சேர்ந்தே நின்றன. ஆசை கொண்டவர்களுள் ஆறு பேரை இரண்டு வாரம் கழித்து மீண்டும் பார்க்கமுடிந்தது. நாலு பேரில் அந்த ஆசை குறைந்திருந்தது. 'போனாக் காணும்' என்பதை ஒருவரின் கடைசி முடிவாக எடுத்துக்கொள்ளும் முன் இந்த எண்களை ஒருமுறை நினைக்கலாம்.

எப்படிப் பிரித்தறிவது? சாகும் நோயாளியில் பசியின்மை, நித்திரையின்மை, களைப்பு எல்லாம் உடல் நோயாலேயே வரும், அவற்றை நம்பமுடியாது. பார்க்கவேண்டியவை வேறு. முன்பு பிடித்த எதுவும் இப்போது பிடிக்கவில்லையா? பேரப்பிள்ளை மடியில் ஏறும்போதும் முகம் மாறவில்லையா? 'எல்லாருக்கும் பாரம்', 'நான் செய்த பாவம்' என்ற பேச்சு விடாமல் வருகிறதா? இது இரண்டு வாரமாக, பெரும்பாலான நாள்களில், நாள் முழுவதும் நிற்கிறதா? துக்கம் அலைபோல வந்து போகும். நடுவில் ஒரு பகிடிக்குச் சிரிப்பும் வரும். மனச்சோர்வு கட்டிநிற்கும் தண்ணீர். அதே சொச்சினோவ் 1997இல் இன்னொன்றையும் சோதித்தார். நீண்ட கேள்விக்கொத்துகளைவிட 'மனம் சோர்ந்துபோய் இருக்கிறீர்களா?' என்ற ஒரேயொரு கேள்வி, நேராகக் கேட்கப்பட்டபோது, நன்றாக வேலைசெய்தது. தமிழில் அதை எங்கள் வாயில் வருவதுபோல் கேட்கவேண்டும்: 'மனம் எப்பிடி இருக்கு? முந்திப் பிடிச்சதுகள் இப்பவும் பிடிக்குதோ?' கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு இருக்கவேண்டும். எங்களுக்கு அந்த இரண்டாவதுதான் கஷ்டம்.

கேட்பதை விடுங்கள், நோயின் பெயரைச் சொல்வதையே நாங்கள் தடுத்துவைத்திருக்கிறோம். 'அம்மாவுக்குச் சொல்லவேண்டாம், தாங்கமாட்டா.' மகரகமவிலுள்ள அபேக்ஷா வைத்தியசாலை இலங்கையின் தேசியப் புற்றுநோய் நிலையம். கொழும்பில் 'மகரகமவுக்குக் கொண்டுபோறம்' என்றால் ஓட்டோக்காரருக்கும் விளங்கும். வாசலில் பெயர்ப்பலகையைக் கடந்து உள்ளே போன அம்மாவுக்கு மட்டும் விளங்காது என்று குடும்பமே நம்பும். அவருக்கு எல்லாம் தெரியும். பிள்ளைகள் தாங்கமாட்டார்கள் என்று அவர் மறைக்கிறார். அவர் தாங்கமாட்டார் என்று பிள்ளைகள் மறைக்கிறார்கள். ஒரே கட்டிலைச் சுற்றி எல்லோரும் நாடகம் போட, சாகிறவர் தனியாகிறார். மனச்சோர்வு வளர இதைவிட நல்ல மண் கிடையாது.

வலியும் அப்படியே. அடங்காத வலியில் கிடப்பவரிடம் மன ஆறுதல் கதைப்பது வீண். முதலில் வலியை அடக்கவேண்டும். மோர்பினைத் தொட்டால் முடிவு வந்துவிட்டது என்று பயப்படுகிறோம். சரியான அளவில் கொடுக்கப்படும் மோர்பின் வலியைத்தான் நிறுத்தும். நோய்தணிப்புச் சிகிச்சையைக் கடைசி வாரத்துக்கு ஒதுக்கிவைப்பதும் பிழை. அமெரிக்காவின் பொஸ்ரனில் முற்றிய நுரையீரல் புற்றுநோயாளர் 151 பேரிடம் நடந்த ஆய்வு 2010இல் வெளிவந்தது. தொடக்கத்திலிருந்தே அந்தச் சிகிச்சையும் சேர்த்துப் பெற்றவர்களில் மனச்சோர்வு அறிகுறிகள் 16 வீதம். வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் 38 வீதம். முதற்கூட்டத்தார் கூடுதலாகவும் வாழ்ந்தார்கள்: இடைநிலைக் கணக்கில் 8.9 மாதத்துக்கு எதிராக 11.6 மாதம். இலங்கையும் 2019-2023 காலத்துக்கென நோய்தணிப்புச் சிகிச்சைக்குத் தேசியச் செயற்திட்டம் ஒன்றை வகுத்தது. மகரகமவில் புற்றுநோய்ச் சங்கத்தின் 'சாந்த செவன' இல்லம் இருக்கிறது. வெள்ளவத்தையில் இவற்றைத் தெரிந்தவர்களைவிட, எந்த மண்டபத்தில் அந்தியேட்டிச் சாப்பாடு நல்லாயிருக்கும் என்று தெரிந்தவர்கள் அதிகம்.

மருந்தைப் பற்றிக் கொஞ்சம். மனச்சோர்வுக் குளிசைகளுக்கு அடிமையாகிவிடுவார்கள் என்ற பயம் நித்திரைக் குளிசைகளைப் பார்த்து வந்தது. இவை வேறு வகை. ஆனால் இவை உடனே வேலைசெய்யாது. இரண்டு வாரத்தில் ஒரு அசைவு தெரியலாம், சரியான பலனுக்கு நாலு முதல் ஆறு வாரம், முதியவர்களில் அதற்கும் மேல். தொடக்க வாரங்களில் முதியவர்களின் சோடியம் இறங்கலாம். தடுமாற்றமோ குழப்பமோ கண்டால் இரத்தம் பார்க்கவேண்டும். சுகமாகிவிட்டது என்று தாங்களாகத் திடீரென்று நிறுத்தக்கூடாது. இந்த ஆறு வாரக் கணக்கில்தான் என் எச்சரிக்கை முழுவதும் இருக்கிறது. ஒருவருக்கு எட்டு மாதம்தான் மிச்சம் என்றால், ஐந்து மாதத்தைப் பக்குவம் என்று விட்டுவிட்டு, ஆறாம் மாதத்தில் மருந்து தொடங்கினால், அவருக்கென்று எஞ்சுவது எவ்வளவு?

எங்கே போவது என்பதும் தெரியாமலில்லை, போகக் கூசுகிறோம். 'அங்கொடை' என்பது கொழும்பில் ஒரு வசைச்சொல். 1920களில் அங்கு திறக்கப்பட்ட மனநோய் வைத்தியசாலை இன்று தேசிய மனநல நிறுவகம். அதன் 1926 என்ற தொலைபேசி இலக்கத்தை எடுத்துத் தமிழிலும் கதைக்கலாம். 1333 இன்னொரு உதவி இலக்கம். ஜோன் டி மெல் 1974இல் தொடங்கிய சுமித்ரயோ என்ற தற்கொலைத் தடுப்பு அமைப்பு, கறுவாத்தோட்டம் ஹோட்டன் பிளேஸில் இன்றும் ஆட்களுடன் உட்கார்ந்து அவர்கள் மனக்கவலையைக் கேட்கிறது. கொட்டாஞ்சேனைக்குத் தேசிய வைத்தியசாலையும் வெள்ளவத்தைக்குக் களுபோவிலவும் கிட்ட. இரண்டிலும் உளமருத்துவப் பிரிவு உண்டு. பெரியம்மாவை 'விசர் டொக்டரிட்டையோ கொண்டுபோறாய்?' என்று கேட்டவர் படித்த, ஓய்வுபெற்ற ஆசிரியர். என் அம்மாதான்.

எல்லா முதியவரையும் நோயாளியாக்கும் அவசரமும் வேண்டாம். சாவைப் பற்றிக் கதைக்கிறவர் எல்லாம் சோர்ந்தவர் இல்லை.

கடைசியில் பெரியம்மாவை உளமருத்துவரிடம் கொண்டுபோனோம். இரத்தப் பரிசோதனையில் தைரொயிட் சரியாக இருந்தது, பி12 குறைந்திருந்தது. ஊசியும் குளிசையும் தொடங்கின. பக்கத்து மாடியில் ஒரு ஓய்வுபெற்ற தாதி, ஒரு நாள் விட்டு ஒரு நாள் வந்து ஒழுங்கை முனைவரை நடத்திக்கொண்டு போனார். தமிழில் கதைக்கும் ஒரு ஆலோசகர் ஆறு முறை வந்தார். முதல் மூன்று வாரம் ஒன்றுமில்லை. 'பாத்தியளோ, காசுதான் வீண்' என்றார்கள். ஏழாம் வாரம் ஒரு காலை போனபோது பூதக்கண்ணாடி மேசையில் இருந்தது.

'தம்பி, இதைப் பார். கோப்பாய் எண்டு போட்டிருக்கிறாங்கள். இந்த மனுசன் கோப்பாயே? நீர்வேலி!'

அதற்குப் பிறகு பதினான்கு மாதம் இருந்தார். இருதயம் தளர்ந்துகொண்டு வருவது அவருக்குத் தெரியும். டொக்டர் தமிழில் சொல்லுமட்டும் விடவில்லை. ஒருநாள் தன்னுடைய மரண அறிவித்தலைச் சொல்லச் சொல்ல என்னை எழுத வைத்தார். 'நீர்வேலியைப் பிறப்பிடமாகவும் வெள்ளவத்தையை வதிவிடமாகவும் கொண்ட...' பிள்ளைகளின் பெயர், மருமக்களின் பெயர், நாடுகள், எல்லாம் ஒழுங்கில். 'இறைபதம் எய்தினார்' என்று நான் எழுதியதை வாங்கிப் பார்த்தார்.

'உதை வெட்டு. காலமானார் எண்டு போடு. சொல்லுக்குக் காசு எடுக்கிறாங்கள்.'